அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை

அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை என்பது மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து இயங்கும் கண்நோய் ஆய்வு நிறுவனம் ஆகும். கருவிழிப் புண், யுவியா அழற்சி, கண் அழுத்த நோய், நீரிழிவு விழித்திரை நோய், பரம்பரைக் கண்நோய்கள் ஆகியவை இங்கு ஆராயப்படுகின்றன. இதன் ஆய்வுக்கூடங்கள் மருத்துவர் கோ. வெங்கடசாமி கண் ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் பெற்ற கட்டடத்தில் அமைந்துள்ளன. இக்கட்டடத்தை முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 2008 ஆம் ஆண்டு திறந்துவைத்தார்.

பல ஆய்வு நிறுவனங்களில் அறிவியலாளர்கள் ஒரு பக்கமும் மருத்துவர்கள் மறுபக்கமும் இருப்பர். இங்கு அந்தப் பிரிவு அவ்வளவு தெளிவானதன்று. பெரும்பாலான ஆய்வுக் கேள்விகள் புறநோயாளர் பிரிவில், நோயாளியின் கண்ணைப் பார்த்த மருத்துவரிடமிருந்தே எழுந்தன. உழவர்களையும் குளத்தில் குளிக்கும் சிறுவர்களையும் தாக்கும் நோய்களை ஆராயச் செல்வந்த நாடுகளின் ஆய்வகங்களுக்கோ மருந்து நிறுவனங்களுக்கோ பெரிய தேவை இருக்கவில்லை. அந்நோயாளிகளை நாள்தோறும் காண்பவர்களே ஆய்வையும் மேற்கொள்ள வேண்டியிருந்தது.

நிறுவனர்

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியலும், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவமும் பயின்றார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே இவரது தொடக்க விருப்பம். படைப்பிரிவு மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில் கடுமையான முடக்குவாதம் தாக்கியதால் 1948 இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். விரல்கள் கோணி, எழுதுகோலைப் பிடிப்பதே அரிதாகிவிட்ட நிலையில் மகப்பேறு மருத்துவத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களுக்கு அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழக்கி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவை மருத்துவங்களைச் செய்தார்.

1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த வெங்கடசாமி, 1976 இல் 58 ஆம் வயதில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு 11 படுக்கைகளுடன் மதுரையில் ஒரு வீட்டில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இவரது தங்கை கோ. நாச்சியார், அவர் கணவர் பெ. நம்பெருமாள்சாமி, நம்பெருமாள்சாமியின் தங்கை பி. விஜயலட்சுமி, அவர் கணவர் எம். சீனிவாசன் ஆகியோர் முறையே நரம்புசார் கண் மருத்துவம், விழித்திரை, குழந்தைகள் கண் மருத்துவம், கருவிழி ஆகிய துறைகளை வளர்த்தனர். ஒரு குடும்பத்துக்குள்ளேயே சிறப்புத் துறைகள் பங்கிடப்பட்டது ஆய்வுக்கும் உதவியது. ஒரே நோயைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பவரே அதன் போக்கில் உள்ள விந்தைகளைக் கவனிக்க முடியும். வெங்கடசாமி 2006 சூலை 7 அன்று காலமானார்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள்

மருத்துவர்களிடம் கேள்விகள் இருந்தன. அவற்றுக்கு விடை காணும் ஆய்வக முறைகள், பெருமளவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தன. அப்பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆய்வுக்கு வலுவான மரபு ஒன்று இருந்தது. அதன் நோயெதிர்ப்பியல் பேராசிரியரும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தருமான வி. ஆர். முத்துக்கருப்பன், அறக்கட்டளையின் ஆய்வுப் பணிக்குத் தலைமையேற்றார்.

கண் முத்துக்கருப்பனுக்குப் புதிய உறுப்பன்று. எலிக் கருவில் கண்வில்லை எவ்வாறு உருவாகிறது என்பது பற்றிய அவரது ஆய்வு 1965 இல் வெளிவந்தது. 1979 இல் ராபர்ட் ஆவர்பாக்குடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 'சயன்ஸ்' இதழில் வெளியானது. எலியின் கருவிழியில் புதிய குருதிக் குழாய்கள் உருவாவதை நேரில் கண்டு அளக்கும் முறை அதில் விளக்கப்பட்டது. நலமான கருவிழியில் குருதிக் குழாய்களே கிடையாது. அதனால்தான் அது ஒளியைத் தடையின்றிச் செலுத்துகிறது. அத்தகைய படலத்தில் ஒரு குழாய் முளைத்தாலும் அது தெளிவாகத் தெரியும். புற்றுநோய் ஆய்வில் பெரிதும் பயன்பட்ட இம்முறையைக் கண்டவர், பிற்காலத்தில் கண் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது பொருத்தமானதே. நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையைக் கெடுப்பதும் இவ்வாறு வேண்டாத இடத்தில் முளைக்கும் குழாய்களே ஆகும்.

அதே பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பவியல் பேராசிரியர் கே. தர்மலிங்கம் புரதத் தொகுப்பியல் ஆய்வை இங்கு நிறுவினார். கண்ணீரில் உள்ள புரதங்களைப் பிரித்தறிந்து, பூஞ்சைத் தொற்றின்போது அவை எவ்வாறு மாறுகின்றன என்பதை அவர் குழுவினர் ஆராய்ந்தனர். மூலக்கூற்று மரபியல் பிரிவைப் பி. சுந்தரேசனும், நுண்ணுயிரியல் பிரிவை லலிதா பிரஜ்னாவும் வளர்த்தனர்.

மனிதக் கண் திசு இன்றி இத்தகைய ஆய்வுகள் இயலா. 1998 இல் மதுரையில் அமைந்த ரோட்டரி அரவிந்த் பன்னாட்டுக் கண் வங்கி இதற்கும் துணையாயிற்று. கொடையாகப் பெறப்படும் கண்களில் மாற்று மருத்துவத்துக்கு ஏற்காதவை ஆய்வுக்கு உதவும்.

கருவிழிப் புண்

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போல மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் படலமே தமிழக மருத்துவமனை வழக்கில் கருவிழி எனப்படுகிறது. நெற்கதிரோ உமியோ மண்ணோ பட்டு அதில் சிறு கீறல் விழும். பெரும்பாலும் தானே ஆறிவிடும். கீறல் வழியே நுண்ணுயிர் புகுந்தால் சில நாட்களில் வெண்ணிறப் புண் தோன்றுகிறது. ஆறினாலும் தழும்பு நின்று பார்வையை மறைக்கும். ஊர் வழக்கில் இதனையே 'கண்ணில் பூ விழுந்தது' என்பர். ஆறாவிடில் கருவிழி துளைபட்டுக் கண்ணையே இழக்க நேரும்.

எம். சீனிவாசனும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள பிராக்டர் அறக்கட்டளையைச் சேர்ந்த ஜான் விட்சரும் 1990களில் இந்நோயை எண்ணிக் கணக்கிடத் தொடங்கினர். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாகிறது என 1996 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் கணிக்கப்பட்ட அளவு 11 மட்டுமே. ஏறத்தாழப் பத்து மடங்கு வேறுபாடு இது. வளரும் நாடுகளில் இந்நோய் ஓசையின்றிப் பரவும் கொள்ளைநோய் என்று இருவரும் 1997 இல் எழுதினர்.

அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு 1994 சனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில் மருத்துவமனைக்கு வந்த 434 நோயாளிகளைப் பற்றியது. அவர்களுள் 65 விழுக்காட்டினருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் ஏற்பட்டிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை வயல்வேலையில் நேர்ந்த சிறு காயங்கள். நுண்ணுயிர் வளர்ந்த மாதிரிகளில் பாக்டீரியா 140, பூஞ்சை 139 எனக் கிட்டத்தட்டச் சரிபாதியாக இருந்தன. குளிர்நாடுகளின் பாடநூல்களில் கருவிழிப் புண் என்றால் பாக்டீரியா என்றே பொருள்படும். பூஞ்சை அங்கு அருநோய். இங்கோ அது பாதிப் பங்கு.

தாமிரபரணிக் கரையின் நிலைமை

இக்கேள்வி மதுரையோடு நிற்கவில்லை. 1988 இல் திருநெல்வேலியில் அரவிந்த் மருத்துவமனையின் கிளை தொடங்கப்பட்டது. தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம் முதலிய ஊர்களுக்கும், கிழக்கே தூத்துக்குடியின் உப்பளங்களையும் மீன்பிடித் துறைகளையும் சார்ந்த மக்களுக்கும் அது எட்டும் தொலைவில் உள்ள பெரிய கண் மருத்துவமனை ஆயிற்று. பின்னர் தூத்துக்குடியிலும் ஒரு கிளை அமைந்தது. (முதுமக்கள் தாழிகளுக்குப் பெயர்பெற்ற ஆதிச்சநல்லூரை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்த அலெக்சாந்தர் ரீ, கலங்களுக்குள் நெல் உமியும் தினை உமியும் கிடைத்ததாகப் பதிவு செய்துள்ளார். இக்கரையில் உமியோடு மக்களுக்குள்ள உறவு மிகப் பழையது.)

திருநெல்வேலியில் எம். ஜெயகர் பாரதி, ஆர். ராமகிருஷ்ணன் ஆகியோர் அடங்கிய குழு 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகத்து வரை வந்த 3,183 கருவிழிப் புண்களைப் பரிசோதித்தது. அவற்றுள் 1,095, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், பூஞ்சையால் ஏற்பட்டவை. பூஞ்சைப் புண் உற்றவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கண்ணில் முன்னரே காயம் பட்டிருந்தது. மூன்றில் இருவர் அளவுக்கு உழவுத் தொழிலாளர்கள். காற்றுக் காலமான சூன் முதல் செப்டம்பர் வரை நோய் மிகுந்திருந்தது. முதலிடம் வகித்த பூஞ்சை பியூசேரியம். இது மண்ணிலும் பயிர்களிலும் இயல்பாக வாழ்வது. அடுத்தது ஆஸ்பெர்கில்லஸ். கருவிழியைப் பூஞ்சை தாக்கும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் தியோடர் லேபர் 1879 இல் முதன்முதலாக விளக்கியபோது கண்டதும் ஆஸ்பெர்கில்லஸே.

ஆய்வக முறை எளியது. உணர்விழப்புச் சொட்டு மருந்திட்டபின், புண்ணின் விளிம்பை மெல்லிய கத்தியால் மருத்துவர் சுரண்டி எடுப்பார். ஒரு பகுதி கண்ணாடித் தகட்டில் பூசப்பட்டு, 10 விழுக்காட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் இடப்படும். அக்கரைசல் திசுவைக் கரைத்துப் பூஞ்சை இழைகளை மட்டும் விட்டுவிடுவதால், சில நிமிடங்களில் நுண்ணோக்கியில் விடை தெரியும். மறுபகுதி வளர்ப்பு ஊடகத் தட்டில் பிறை வடிவக் கோடுகளாக இழுக்கப்படும். கோட்டின்மேல் வளர்வது நோயாளியின் கண்ணிலிருந்து வந்தது, கோட்டுக்கு வெளியே வளர்வது காற்றிலிருந்து விழுந்தது என்று பிரித்தறிய இவ்வடிவம் உதவும். முதல் சோதனைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆயினும் அதன் விடையைப் பொறுத்தே மருந்து மாறுகிறது. பூஞ்சைப் புண்ணுக்குப் பாக்டீரியா மருந்து பயன்தராது. ஸ்டீராய்டு சொட்டு மருந்து இட்டாலோ தீங்கு மிகும்.

தாய்ப்பால், ஆமணக்கெண்ணெய், இலைச்சாறு ஆகியவற்றைப் புண்பட்ட கண்ணில் விடும் வழக்கமும் ஆராயப்பட்டது. என். வெங்கடேஷ் பிரஜ்னாவும் பிறரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைக்கு வந்த கருவிழிப் புண் நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதியினர் இத்தகைய மருந்துகளை முன்னரே பயன்படுத்தியிருந்தனர். இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டியவர், வீட்டில் இருப்பதை முதலில் முயல்வதில் வியப்பில்லை.

எனவே மருந்தை ஊருக்குக் கொண்டுசெல்லும் முயற்சி நடந்தது. நேபாளத்தின் பக்தபூரில் எம். பி. உபாத்யாய் நடத்தி 2001 இல் வெளியிட்ட ஆய்வில், கீறல் பட்ட 442 பேருக்கு ஊர்த் தொண்டர்கள் மூன்று நாட்கள் குளோராம்பெனிக்கால் களிம்பு இட்டனர். 18 மணி நேரத்துக்குள் களிம்பு இடத் தொடங்கிய 284 பேரில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. சீனிவாசன் குழு மதுரை மாவட்டச் சிற்றூர்களில் இதனை முயன்று 2006 இல் நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டது. ஆனால் இவற்றில் களிம்பு பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. கீறல்கள் பல தாமாகவே ஆறக்கூடியவை அல்லவா? ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நேபாளத்தில் நடந்த பெரிய ஆய்வு 2022 இல் வெளியானபோது, தொண்டர்கள் பணியாற்றிய ஊர்களில் கருவிழிப் புண் குறைந்ததாகத் தெரியவில்லை. இத்திட்டத்தில் பெரும் நம்பிக்கை வைத்திருந்தோருக்கு இது ஏமாற்றமே.

மருந்துகளை ஒப்பிடுதல்

ஒரு மருத்துவமனையில் ஆண்டுக்கு ஐந்தாறு பூஞ்சைப் புண்கள் மட்டும் வரும் நாட்டில் இரண்டு மருந்துகளை முறையாக ஒப்பிட முடியாது. தென்தமிழகத்தில் அது முடியும். நோயின் மிகுதி ஆய்வுக்கு வாய்ப்பாக அமைந்தது என்பது கசப்பான உண்மை. அரவிந்த் மருத்துவர்களும் பிராக்டர் அறக்கட்டளையின் தாமஸ் லீட்மன், நிஷா ஆச்சார்யா ஆகியோரும் இணைந்து இவ்வாய்ப்பைப் பயன்படுத்தினர்.

முதல் பெரிய ஆய்வு பாக்டீரியாப் புண்ணில் ஸ்டீராய்டு பற்றியது. கிருமியை மருந்து அழித்துவிட்டாலும், உடலின் சொந்த அழற்சியே தழும்பை உண்டாக்குகிறது. ஸ்டீராய்டு அழற்சியைத் தணிக்கும், அதே வேளை நோயெதிர்ப்பையும் குறைக்கும். கொடுக்கலாமா, கூடாதா என்று கண் மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் வாதிட்டு வந்தனர். 2006 முதல் 2010 வரை 500 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி மருத்துவமனைகளைச் சேர்ந்தவர்கள். 2012 இல் சீனிவாசனை முதலாசிரியராகக் கொண்டு வெளியான முடிவின்படி, மூன்று மாத இறுதியில் இரு பிரிவினரின் பார்வையிலும் ஒட்டுமொத்த வேறுபாடு இல்லை. பார்வை மிக மோசமாக இருந்தவர்களுக்குச் சற்று நன்மை தெரிந்தது. நொகார்டியா என்னும் பாக்டீரியாவால் புண் உண்டானவர்களுக்கு ஸ்டீராய்டு நல்லதன்று என்பதும் தெரியவந்தது.

இரண்டாவது ஆய்வே பரவலான விளைவை உண்டாக்கியது. நாட்டமைசின் 1950களில் தென்னாப்பிரிக்க மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட பழைய மருந்து. கருவிழிக்குள் ஆழ ஊடுருவாது என்ற குறை அதற்குக் கூறப்பட்டது. வோரிகோனசோல் புதியது, விலை மிகுந்தது, நன்கு ஊடுருவுவது. ஆய்வகத் தட்டுகளில் அது காட்டிய ஆற்றலைக் கண்டு பல மருத்துவர்கள் அதற்கு மாறத் தொடங்கியிருந்தனர். வெங்கடேஷ் பிரஜ்னா தலைமையில் 323 நோயாளிகளிடம் இரண்டும் ஒப்பிடப்பட்டன. 2013 இல் வெளியான முடிவு பலர் எதிர்பார்த்ததற்கு மாறானது. நாட்டமைசின் பெற்றவர்கள் பார்வைப் பலகையில் சராசரியாக ஏறத்தாழ இரண்டு வரிகள் கூடுதலாகப் படித்தனர். பியூசேரியம் தொற்றில் வேறுபாடு நான்கு வரிகள். கருவிழி துளைபடுவதும் வோரிகோனசோல் பிரிவிலேயே மிகுந்திருந்தது.

கடும் புண் உற்ற 240 பேருக்குச் சொட்டு மருந்துகளோடு வோரிகோனசோல் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த அடுத்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. மாத்திரையால் ஒட்டுமொத்தப் பயன் காணப்படவில்லை, பக்கவிளைவுகளே கூடின. உலக சுகாதார நிறுவனம் 2017 இல் நாட்டமைசின் சொட்டு மருந்தை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. விலை மிகுந்த மருந்தை எழுதித்தராமல் இருப்பதற்கும் சான்று வேண்டும். அச்சான்றைத் தந்தவர்கள் பெரும்பாலும் தென்னிந்திய உழைப்பாளி நோயாளிகள்.

குளத்து நீரும் சிறுவர் கண்களும்

யுவியா என்பது கண்ணின் நடு அடுக்கு. அதன் அழற்சிக்குக் காரணம் காண்பது கண் மருத்துவத்தில் கடினமான பணிகளுள் ஒன்று. இத்துறையை மதுரையில் வளர்த்தவர் எஸ். ஆர். ரத்தினம்.

1993 இல் பெய்த பெருமழை வெள்ளத்தைத் தொடர்ந்து, வழக்கத்துக்கு மாறாகப் பலர் யுவியா அழற்சியுடன் மதுரை மருத்துவமனைக்கு வந்தனர். எலிகளின் சிறுநீரால் மாசுபட்ட நீர்வழிப் பரவும் லெப்டோஸ்பைரா கிருமியே, அதாவது எலிக்காய்ச்சல் கிருமியே, காரணம் என ரத்தினமும் பிறரும் 1997 இல் 73 நோயாளிகளின் விவரங்களுடன் வெளியிட்டனர். மறு ஆண்டு வெளியான ஆய்வில் அக்கிருமியின் மரபுப்பொருள் கண்நீர்மத்திலேயே கண்டறியப்பட்டது. காய்ச்சல் தணிந்து பல வாரங்கள் கழித்துக் கண் சிவப்பதால், இரண்டையும் நோயாளியும் மருத்துவரும் தொடர்புபடுத்துவதில்லை. குதிரைகளுக்கு இக்கிருமியால் திரும்பத் திரும்பக் கண் அழற்சி வருவதைக் கால்நடை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர்.

மற்றொன்று துப்பறியும் கதையை ஒத்தது. சிற்றூர்ச் சிறுவர்கள் கண்ணின் வெண்பகுதியிலோ உட்புறத்திலோ சிறு கட்டியுடன் வரத் தொடங்கினர். காசநோயின் சாயல் இருந்தது, ஆனால் காசநோய் இல்லை. பெரும்பாலும் சிறுவர்கள், குளத்திலோ ஆற்றிலோ குளிப்பவர்கள், சில நேரம் ஒரே ஊரினர். அறுத்தெடுத்த கட்டிகளுள் சிலவற்றில் தட்டைப்புழுவின் கூறுகள் தென்பட்டன. 2001, 2002 ஆம் ஆண்டுகளில் இந்நோய் மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டது. எந்தப் புழு, எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை காண மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஆய்வாளர்கள் சிறுவர்கள் குளித்த நீர்நிலைகளில் இறங்கி நத்தைகளைத் திரட்டினர். மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா என்னும் நன்னீர் நத்தை நீரில் வெளியிடும் தட்டைப்புழுக் குடம்பிகளின் டி.என்.ஏ.யும், சிறுவர்களின் கண்ணிலிருந்து எடுத்த கட்டிகளின் டி.என்.ஏ.யும் ஒப்பிடப்பட்டன. இரண்டும் பொருந்தின. அது புரோசெரோவம் வேரியம் என்னும் புழு என 2016 இல் ரத்தினம், லலிதா பிரஜ்னா உள்ளிட்டோர் வெளியிட்டனர். இவ்வகைப் புழுக்கள் நத்தையிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து அதை உண்ணும் பறவைகளுக்கும் செல்பவை. மனிதக் கண்ணுக்குள் அவை வருவது வழிதவறியே. நோய்க்காரணம் தெரிந்ததால், தேவையற்ற காசநோய் மருந்துகளைச் சிறுவர்களுக்குக் கொடுப்பதைத் தவிர்க்க முடிகிறது.

யுவியா அழற்சி மருந்துகள் இரண்டை ஒப்பிட்டு 2019 இல் வெளியான பன்னாட்டு ஆய்வுக்கும் ரத்தினமே முதலாசிரியர். ஐந்து நாடுகளில் 216 நோயாளிகள் அதில் பங்கேற்றனர். விலை குறைந்த மெத்தோடிரெக்சேட், விலை மிகுந்த மைக்கோபினோலேட்டுக்குப் பின்தங்கியதன்று என்பது அதன் முடிவு.

பிறவிக் கண்நோய்கள்

விஜயலட்சுமி, இலண்டன் ஆய்வாளர்களுடன் இணைந்து குழந்தைகளின் கண்புரைக்குக் காரணம் தேடினார். 1996 இல் வெளியான அவ்வாய்வில், காயத்தால் அல்லாத கண்புரை கொண்ட குழந்தைகளுள் 15 விழுக்காட்டினருக்குத் தாய் கருவுற்றிருந்தபோது தொற்றிய ருபெல்லாவே காரணம் எனக் காணப்பட்டது. ஒரு வயதுக்கு உட்பட்டோரில் இது நான்கில் ஒரு பங்கு. தடுப்பூசியால் தவிர்க்கத்தக்க பார்வையிழப்பு இது. தட்டம்மை–ருபெல்லாத் தடுப்பூசி இயக்கம் இந்தியாவில் 2017 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அதன் முதற்கட்டத்தில் தமிழ்நாடும் இருந்தது.

மரபணு நோய்களுக்கு வேறொரு பின்னணி உண்டு. தாய்மாமனையோ மாமன் மகளையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் தென்தமிழகத்தில் பரவலாக இருந்துவந்துள்ளது. பெற்றோர் இருவரும் ஒரே பழுதுற்ற மரபணுவை மறைவாகக் கொண்டிருக்கும் வாய்ப்பு இதனால் மிகுகிறது. பிறந்ததிலிருந்தே இரு கருவிழிகளும் மங்கிக் காணப்படும் அரிய பரம்பரை நோய் ஒன்றுக்கு எஸ்.எல்.சி.4ஏ11 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம் என்பது 2006 இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வெளியிடப்பட்டது. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் தலைமையிலான அப்பணியில் மதுரையிலிருந்து சுந்தரேசன், சீனிவாசன், வெங்கடேஷ் பிரஜ்னா ஆகியோர் பங்கேற்றனர். விழித்திரைப் புற்றுநோய் உற்ற குழந்தைகளின் குடும்பங்களுக்கான ஆர்.பி.1 மரபணுச் சோதனையும் இவ்வாய்வகத்தின் பணிகளுள் ஒன்று. ஒரு குழந்தைக்கு இந்நோய் வந்த வீட்டில், அடுத்த குழந்தையை எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும் என்பதை இச்சோதனை சொல்லும்.

குருத்தணுக்கள்

கருவிழியும் வெண்விழியும் சேரும் வளைய விளிம்பில், கருவிழியின் மேற்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் குருத்தணுக்கள் உள்ளன. வெற்றிலைக்கான சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அழுத்த, அது கண்ணில் தெறித்தால் இவ்விளிம்பு வெந்துபோகும். அதன்பின் கருவிழி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. மாற்றுக் கருவிழி பொருத்தினாலும் நிலைக்காது. மறுகண்ணின் விளிம்பிலிருந்து சிறிது திசுவை எடுத்து வளர்த்துப் பொருத்துவதே வழி. ஆனால் வளர்த்த திசுவில் உண்மையான குருத்தணுக்கள் எத்தனை என்பதைக் கண்டறிய வேண்டும். பி63 என்னும் புரதம் மிகுந்தும், அணுவின் அளவோடு ஒப்பிட உட்கரு பெரிதாகவும் இருப்பவையே குருத்தணுக்கள் என்னும் இரட்டை அளவுகோலை முத்துக்கருப்பன் குழு 2005 இல் முன்வைத்தது. அப்பணியைக் கௌரி பிரியா சிதம்பரநாதன் உள்ளிட்டோர் தொடர்ந்தனர்.

ஊர்க் கணக்கெடுப்பும் கணினியும்

மருத்துவமனைக்கு வராதவர்களைப் பற்றி மருத்துவமனைப் பதிவேடு எதுவும் சொல்லாது. தமிழ்நாட்டின் மூன்று தென்மாவட்டச் சிற்றூர்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரிடம் நடத்தப்பட்ட கண் கணக்கெடுப்பின் முடிவுகளை ராமகிருஷ்ணனும் பிறரும் 2003 இல் வெளியிட்டனர். 2.6 விழுக்காட்டினருக்குக் கண் அழுத்த நோய் இருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதுவரை அதனை அறிந்திருக்கவில்லை. வலியின்றிப் பக்கப் பார்வையைத் தின்னும் நோய் இது, இழந்த பார்வை மீளாது.

நம்பெருமாள்சாமியின் துறையான விழித்திரை நோயில், கணினியின் உதவியை நாடும் ஆய்வுகள் நடந்தன. விழித்திரைப் படங்களைப் பார்த்து நீரிழிவு பாதிப்பைத் தானே கண்டறியும் கூகுள் நிறுவனத்தின் கணினி முறைமை பற்றிய கட்டுரை 2016 இல் வெளியானது. அதனைப் பயிற்றுவிக்க உதவிய படங்களை வழங்கிய இந்திய மருத்துவமனைகளுள் அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகியவை அடங்கும். நோயாளிகளிடம் அதனை நேரடியாகச் சோதித்த ஆய்வு அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகிய இரு மருத்துவமனைகளிலும் நடந்து 2019 இல் வெளியிடப்பட்டது.

நம்பெருமாள்சாமிக்கு 2007 இலும், நாச்சியாருக்கு 2024 இலும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வெங்கடசாமி அவ்விருதை 1973 இலேயே, அரசு மருத்துவராக இருந்தபோது பெற்றவர்.